வீட்டு ஒலிபெருக்கியும் நம் செவியும்

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்வோருக்குத் தாய்மொழி பெரும்பாலும் செவி வழியாகவே வந்து சேர்கிறது. தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் நாம் அலுவலகத்தில் ஒரு மொழி பேசுகிறோம். கடைத்தெருவில் வேறொரு மொழி பேசுகிறோம். வீடு திரும்பிக் கதவைச் சாத்திய பின்னரே தமிழ் தொடங்குகிறது. அங்கும் பேசுவோர் மூவரோ நால்வரோதான். எஞ்சிய தமிழைச் செய்தியாகவும் பாட்டாகவும் நாடகமாகவும் சொற்பொழிவாகவும் நமக்கு வழங்குவது அலமாரியின் மேலிருக்கும் ஒலிபெருக்கியே. ஆதலால் அது எவ்வாறு ஒலிக்கிறது என்பது நமக்கு வெறும் ஆடம்பர விஷயம் அன்று.

இதனை நாங்கள் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன்னர், தில்லியில் எங்கள் அரசுக் குடியிருப்பு வீட்டுக்கு ஒரு ஜோடி ஒலிபெருக்கிகளை வாங்கினோம். இடுப்பளவு உயரம், ஒவ்வொன்றிலும் எட்டு அங்குலக் கூம்புகள் இரண்டு, அவற்றின் மேல் சிறிய ட்வீட்டர் ஒன்று. கடையில் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பி ஒலி நெஞ்சில் வந்து மோதியது. அதுவே போதும் என்று வாங்கிவிட்டோம். கூடத்தின் இரு மூலைகளிலும் அவற்றை நிறுத்தினோம். வந்தவர் யாவரும் புகழ்ந்தனர். கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த அன்னையார் மட்டும் புகழவில்லை. கூடத்தின் பக்கச் சுவரை ஒட்டிய கட்டிலில் அமர்ந்து, ஞாயிறுதோறும் இராமாயணச் சொற்பொழிவு கேட்பது அவர் வழக்கம். ஒரு நாள், "குரல் வருகிறதப்பா, சொல் வரவில்லையே" என்றார். எண்பதை நெருங்கும் வயது. செவி தளர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு ஒலியைக் கூட்டி வைத்தோம். கூட்டக் கூட்ட இரைச்சல்தான் மிகுகிறது என்றார். சில வாரங்களில் கேட்பதையே விட்டுவிட்டார்.

பின்னர் ஒரு நாள் கரோல்பாகில் உறவினர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அங்கே புத்தக அலமாரியில் ஓரடி உயரமுள்ள பழைய ஒலிபெருக்கிகள் இரண்டு இருந்தன. அவற்றில் அதே சொற்பொழிவாளரின் பேச்சு ஒலித்துக்கொண்டிருந்தது. எதிரே ஒரு நாற்காலியில் அமர்ந்த அன்னையார் ஒரு மணி நேரம் அசையாமல் கேட்டார். இடையில் இரண்டு முறை வாய்விட்டு நகைத்தார். சொல் புரிந்தாலன்றோ நகைக்க முடியும்? தளர்ந்தது செவி மட்டும்தானா என்ற ஐயம் அன்று எங்களுக்குத் தோன்றியது. அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டுப் படித்தும் கேட்டும் நாங்கள் அறிந்தவற்றையே இங்குக் கூற முற்படுகிறோம். நாங்கள் பொறியியல் கற்றவர்கள் அல்லோம். அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பது எங்கள் தொழில். ஆகவே, எங்களுக்கு விளங்கிய அளவில், விளங்கிய சொற்களிலேயே கூறுகிறோம்.

பெட்டிக்குள் பொருத்தப்பட்டு ஒலியைப் பிறப்பிக்கும் உறுப்பைத் தொழிலில் 'டிரைவர்' என்பர். வலிய காந்தம் ஒன்றின் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று தொங்குகிறது. ஆம்ப்ளிஃபையரிலிருந்து வரும் மின்னோட்டம் அச்சுருளில் பாயும்போது அது முன்னும் பின்னும் அசைகிறது. சுருளோடு ஒட்டப்பட்ட காகிதக் கூம்பும் உடன் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதுவே நாம் கேட்கும் ஒலி. அசையும் சுருள் என்னும் கருத்துக்கு ஆலிவர் லாட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் 1898-இலேயே காப்புரிமை பெற்றார். எனினும், இன்று நம் வீடுகளில் உள்ள ஒலிபெருக்கியின் நேர் மூதாதை, அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெலாக் ஆகிய இருவரும் 1925-இல் வெளியிட்ட அமைப்பே ஆகும். நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் அடிப்படை மாறவில்லை.

அடிப்படை ஒன்றேயாயின், ஒலி மட்டும் பெட்டிக்குப் பெட்டி வேறுபடுவது ஏன்? ஒரே கூம்பிடம் நாம் ஒன்றுக்கொன்று முரணான இரு வேலைகளை வேண்டுகிறோம் என்பதே காரணம். இளம் செவி, வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்க வல்லது. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே 20 அதிர்வுள்ள தாழ்ந்த ஒலியின் ஓர் அலை 17 மீட்டர் நீளம் உடையது. 20,000 அதிர்வுள்ள ஒலியின் அலையோ 17 மில்லிமீட்டர்தான். தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். ஒரு ஸ்தாயி கீழே இறங்கும்போது, அதே வலிமையைத் தர, கூம்பு நான்கு மடங்கு தொலைவு அசைந்தாக வேண்டும். ஆதலால் அதற்குப் பெரிய கூம்பு தேவை. உயர்ந்த ஒலிக்கோ, வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் வண்ணம், எடையற்ற சிறு பொருள் தேவை. யானையைக் கொண்டு ஊசியில் நூல் கோக்க இயலாது அன்றோ?

பெரிய கூம்பினால் உயர்ந்த ஒலியை எழுப்ப முயன்றால் இரு குறைகள் நேரும். முதலாவது, கூம்பு முழுவதும் ஒன்றாக அசையாமல், நடுப்பகுதி ஒருவிதமாகவும் விளிம்பு வேறுவிதமாகவும் நெளியத் தொடங்கும். இரண்டாவது, அலையின் நீளம் கூம்பின் அகலத்தைவிடக் குறையும்போது, ஒலி நாற்புறமும் பரவாமல் டார்ச் விளக்கின் ஒளியைப் போல நேர்முகமாகவே செல்லும். எட்டு அங்குலக் கூம்பின் அகலம் சுமார் 20 சென்டிமீட்டர். வினாடிக்கு 2,000 அதிர்வுள்ள ஒலியின் அலை 17 சென்டிமீட்டர். எனவே அந்த ஒலி எதிரே அமர்ந்தவருக்கு நன்கு கேட்கும். பக்கத்தில் அமர்ந்தவருக்கு மங்கிப்போகும். இதனைப் படித்தபோது பக்கச் சுவரை ஒட்டிய கட்டில் எங்கள் நினைவுக்கு வந்தது.

இக்குறைகளைத் தவிர்ப்பதற்காகவே வேலையைப் பங்கிட்டு, தாழ்ந்த ஒலிக்கு வூஃபர் என்றும் உயர்ந்த ஒலிக்கு ட்வீட்டர் என்றும் இரண்டாக வைத்தனர். இரண்டுக்கும் உரியதைப் பிரித்தளிக்கும் மின்சுற்றுக்குக் கிராஸோவர் என்று பெயர். இன்று வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் இரட்டை டிரைவர் பெட்டிகளில் இந்தப் பிரிவு பெரும்பாலும் 2,000-க்கும் 3,000-க்கும் இடையே நிகழ்கிறது. சொற்களின் எலும்புக்கூடு போன்ற மெய்யெழுத்துகள் பலவற்றை நம் செவி பிரித்தறிவதும் ஏறத்தாழ அதே பகுதியில்தான். உயிரொலியின் வலிமை பெரும்பாலும் கீழே இருக்கிறது. ஆனால் லகரம், ளகரம், ழகரம் ஆகிய மூன்றும் தம்முள் வேறுபடும் குறிப்புகள் பெரிதும் 1,500 முதல் 3,000 வரையுள்ள பகுதியில் அமைகின்றன. சகரத்தின் சீறலொலி 4,000-க்கும் மேலே செல்கிறது. கூம்பு சோர்ந்து, ட்வீட்டர் இன்னும் முழுப் பொறுப்பேற்காத இடைவெளியில் இவை சிக்கினால் என்ன ஆகும்? குரல் வரும், சொல் வராது.

அதனோடு மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. வலிய தாழ்ந்த ஒலி, அதற்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளைச் செவியில் மறைத்துவிடும் இயல்புடையது. மூலையில் நிறுத்தப்பட்ட பெட்டியின் அடித்தொனி சுவர்களால் மேலும் வலுக்கிறது. ஒலியைக் கூட்டினால் மறைக்கும் ஒலியும் உடன் கூடுகிறது. அன்னையார் இரைச்சல் என்று கூறியது முதுமையின் முணுமுணுப்பு அன்று. பிழையற்ற கணிப்பே ஆகும்.

இனி, டிரைவர்களின் வகைகளைச் சுருக்கமாகக் காண்போம். கூம்பு செய்யும் பொருளே ஒலியில் ஒரு சாயலை ஏற்றுகிறது. காகிதம் எடை குறைந்தது. அதிர்வைத் தானே அடக்கிக்கொள்ளும் தன்மையும் உடையது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும். பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் கூம்பு 1970-களில் பி.பி.சி.யின் ஆராய்ச்சியிலிருந்து பரவியது. அமைதியான, மிருதுவான ஒலியுடையது. அலுமினியக் கூம்பு விறைப்பானது. தன் எல்லைக்குள் மிகத் தெளிவாக இயங்கும். எல்லையைக் கடந்தால் வெண்கல மணிபோல் தனியே ஒலிக்கும். அந்த மணியொலியைக் கிராஸோவர் நன்கு அடக்கியிருந்தால் குறையில்லை. அடக்காவிட்டால் வயலின் கூசும். மும்பை, கொல்கத்தா, கொச்சி போன்ற ஈரம் மிகுந்த நகரங்களில் வாழ்வோர் கூம்பின் விளிம்பு வளையத்தையும் பார்த்து வாங்க வேண்டும். நுரைப் பொருளாலான வளையம் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும்.

கூம்பின் பின்புறமும் ஒலி எழுகிறது. அது முன்புற ஒலியோடு கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் பெட்டி தேவைப்படுகிறது. பெட்டியை முற்றிலும் அடைத்து, உள்ளிருக்கும் காற்றையே வில்சுருளாகப் பயன்படுத்தும் முறையை அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954-இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். இவ்வகையில் அடித்தொனி மெல்ல மெல்லக் குறையும், தட்டியவுடன் நிற்கும். பெட்டியில் ஒரு துளையிட்டு, பின்புற ஒலியையும் பயன்படுத்திக்கொள்வது மற்றொரு முறை. இதற்குரிய கணக்கை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல் 1961-இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970-களிலும் ஒழுங்குபடுத்தித் தந்தனர். துளையுள்ள பெட்டி சிறிய உருவத்திலும் நிறைந்த அடித்தொனி தரும். கணக்குப் பிசகினாலோ, தொப்பியின் ஓர் அடி அடுத்த அடி வரை நீண்டு வழியும். தாளம் தடுமாறுவதுபோல் தோன்றும்.

வூஃபரும் ட்வீட்டரும் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒலிப்பதே ஒரு குறை என்று கருதியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் டனாய் நிறுவனம் 1947-இல் ட்வீட்டரை வூஃபரின் நடுவிலேயே அமைத்தது. கெஃப் நிறுவனம் 1988-இல் அதே கருத்தை வேறொரு வகையில் செய்து காட்டியது. பக்கத்தில் அமர்ந்தவருக்கும் ஒலி ஒரே தன்மையில் சென்று சேர்வது இவ்வகையின் சிறப்பு. கிராஸோவரே வேண்டாம் என்பவர்கள் ஒற்றை டிரைவரை நாடினர். இங்கிலாந்தில் பால் வாய்ட் என்பவர் 1930-களில் பெரிய கூம்பின் நடுவே சிறிய கூம்பு ஒன்றை வைத்து இம்முறையை வளர்த்தார். தனிக்குரலும் வீணையும் இவற்றில் பிளவுபடாமல், ஒருவர் எதிரே அமர்ந்து பாடுவதுபோல் ஒலிக்கும். ஆயினும் நேர் எதிரே அமர்ந்தே கேட்க வேண்டும், அடித்தொனியும் குறைவு.

திருவிழாக்களில் மரக்கிளையில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியை நாம் அறிவோம். அதன் இல்லத்து உறவினரும் உண்டு. பால் கிளிப்ஷ் என்னும் அமெரிக்கர் 1946-இல், அறையின் மூலைச் சுவர்களையே குழாயின் தொடர்ச்சியாகக் கொள்ளும் பெட்டியை விற்கத் தொடங்கினார். குழாய் வகை மிகச் சிறிய மின்திறனைக் கொண்டு மிகுந்த ஒலி தரும். ஒரு வாட் திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணப் பெட்டி 83 முதல் 90 டெசிபெல் வரை ஒலித்தால், குழாய் வகை 100-ஐக் கடக்கும். மூன்று டெசிபெல் கூட்டுவதற்கு இருமடங்கு திறன் தேவை என்பதை நினைத்தால் இந்த வேறுபாட்டின் அளவு விளங்கும். நாகஸ்வரமும் தவிலும் இவ்வகையில் உயிர்த்துடிப்போடு கேட்கும். எனினும் செம்மையாகச் செய்யப்படாத குழாயில், வாயருகே கைகுவித்துப் பேசுவது போன்ற சாயல் குரலில் ஏறிவிடும்.

காந்தமும் சுருளும் கொண்ட கூம்பை முற்றிலும் துறந்த வகைகளும் உள்ளன. தலைமயிரைவிட மெல்லிய பிளாஸ்டிக் ஏடு ஒன்றை, துளையுள்ள இரு தகடுகளுக்கிடையே நிறுத்தி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் ஏற்றி அசைப்பது நிலைமின் முறை. இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் 1957-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் ஒலிபெருக்கி இம்முறையில் பெயர் பெற்றது. அதற்குப் பெட்டியே இல்லை. ஆதலால் பெட்டியின் முழக்கமும் இல்லை. மனிதக் குரலின் இயல்பை அதனைப் போல் தருபவை அரிது என்று இன்றும் பலர் கூறுவர். ஆயினும் பேரொலிக்கும் ஆழ்ந்த அடித்தொனிக்கும் அது ஏற்றதன்று. சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும். தூசியும் ஈரமும் அதற்குப் பகை. மெல்லிய அலுமினிய நாடாவைக் காந்தத்தின் நடுவே அசைக்கும் முறையை ஜெர்மானியரான ஷாட்கியும் கெர்லாக்கும் 1924-இல் அமைத்தனர். இன்று அது பெரும்பாலும் ட்வீட்டராகவே பயன்படுகிறது. தம்பூராவின் மேலொலிகளை மிக நுண்மையாகத் தரும்.

இவ்வளவு வகைகளில் எது சிறந்தது என்று கேட்டால், வகையின் பெயரைக் கொண்டு விடை கூற இயலாது என்பதே நாங்கள் கண்ட முடிவு. ஒவ்வொன்றும் ஒன்றைப் பெற்று மற்றொன்றை இழந்த உடன்பாடு. எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்பதே கேள்வி. இதற்கு ஒலிபரப்புத் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். வெளியிடங்களுக்குச் செல்லும் ஒலிபரப்பு வண்டியின் குறுகிய அறையில் வைத்துக் குரலைச் சரிபார்ப்பதற்காக, பி.பி.சி. பொறியாளர்கள் 1970-களில் எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டியை அமைத்தனர். உயரம் சுமார் 30 சென்டிமீட்டர். உள்ளே ஐந்து அங்குல வூஃபர் ஒன்று, 19 மில்லிமீட்டர் ட்வீட்டர் ஒன்று. பிரிவு ஏறத்தாழ 3,000-இல். ஸ்டுடியோவில் ஒருவர் நேரில் பேசுவதையும், அதே பேச்சு ஒலிபெருக்கியில் வருவதையும் மாறி மாறிக் கேட்டு ஒப்பிடுவது அவர்களுடைய மரபு. ஆழ்ந்த அடித்தொனி அப்பெட்டியில் இல்லை. ஒலியெழுப்ப மின்திறனும் அதிகம் வேண்டும். எனினும் பேச்சு பேச்சாகவே கேட்கிறது. அதனால் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சில நிறுவனங்கள் அதனைச் செய்துவருகின்றன.

அப்பொறியாளர்கள் காட்டிய வழியே நமக்கும் ஏற்றது: நன்கு அறிந்த ஒலியைக் கொண்டு அறியாத பெட்டியை அளத்தல். நாம் நன்கு அறிந்த ஒலிகள் எவை? முதலாவது, தாய்மொழிப் பேச்சு. வீட்டில் ஒருவரைக் கொண்டு 'ஒலி, ஒளி, ஒழி. வலி, வளி, வழி. தலை, தளை, தழை' என்னும் சொற்களை வரிசை மாற்றித் திருத்தமாகப் படிக்கச் செய்து கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். அப்பதிவை ஒவ்வொரு பெட்டியிலும் ஒலிக்கவிட்டு, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். எந்தப் பெட்டியில் பிழை குறைகிறதோ அது சொல்லைக் காக்கும் பெட்டி. வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டும் இல்லை. தெருவில் ஒருபோதும் கேட்காத ழகரத்தை அவர்கள் வேறெங்கிருந்து கற்பர்?

இரண்டாவது தம்பூரா. மூன்றாவது மிருதங்கம். இவ்விரண்டையும் பற்றி நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க ஒருவர் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1907-இல் இந்திய அரசின் நிதித்துறைப் பணிக்காகக் கல்கத்தா சென்ற சி. வி. இராமன், அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதில் அந்நகரின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஒலியை ஆராய்ந்துவந்தார். பேராசிரியரான பின்னர், 1920-இல், மிருதங்கம் போன்ற நம் நாட்டுத் தோற்கருவிகளில் மட்டும் மேலொலிகள் 1, 2, 3, 4, 5 என்ற ஒழுங்கான விகிதத்தில் அமைவதை எடுத்துக்காட்டினார். வலந்தலையின் நடுவிலுள்ள கருந்திட்டே அதற்குக் காரணம். தம்பூரா, வீணை ஆகியவற்றின் வளைந்த குதிரை, தந்தியில் மேலொலிகளை நிறைப்பதையும் அவர் ஆராய்ந்தார். ஆகவே நல்ல ஒலிபெருக்கியில் வலந்தலை சுருதியோடு ஒலிக்கும். வெறும் தட்டலாக ஒலிக்காது. தொப்பி தட்டி நிற்கும், முழங்கி வழியாது. தம்பூரா ஒரே ரீங்காரமாக இராமல், உள்ளே பல ஒலிகள் எழுந்தடங்குவது கேட்கும். உயர்ந்த மின்சார இசையைப் போட்டுக் காட்டும் கடைக்காரரிடம், நாம் கொண்டுசென்ற தம்பூராவை ஒலிக்கச் சொல்வதில் வெட்கம் வேண்டியதில்லை.

ஒப்பிடும்போது மூன்று விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். முதல் விதி, இரண்டையும் ஒரே அளவு ஒலிக்கச் செய்தல். சற்று உரக்க ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றுவது செவியின் இயல்பு. மேலும், ஒலியின் அளவு குறையும்போது தாழ்ந்த ஒலிகளைச் செவி குறைவாகவே கேட்கும் என்பதை ஃபிளெட்சர், மன்சன் ஆகியோர் 1933-இலேயே அளந்து கூறினர். கடையில் முழங்கக் கேட்டதை வீட்டில் அடுத்த வீட்டாருக்கு அஞ்சிக் குறைத்து வைத்துக் கேட்டால், அது வேறு ஒலிபெருக்கியாகவே தோன்றும். ஆகவே வீட்டில் கேட்கும் அளவிலேயே கடையிலும் கேட்க வேண்டும்.

இரண்டாம் விதி, கண்ணை மறைத்தல். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 1994-இல் 40 பேரைக் கொண்டு நான்கு ஒலிபெருக்கிகளைச் சோதித்தனர். திரைக்குப் பின்னால் வைத்தபோது கேட்டவர்கள் கூறிய தீர்ப்பு ஒன்று. திரையை விலக்கிப் பெட்டியைக் கண்ட பின்னர் கூறிய தீர்ப்பு வேறொன்று. உருவமும் விலையும் செவியை வென்றுவிட்டன. நல்ல செவியுடையோர் திரை மறைவில் கேட்கும்போது, ஏற்றத்தாழ்வின்றி ஒலிப்பதையும், எதிரிலும் பக்கத்திலும் ஒத்த தன்மையில் ஒலிப்பதையும் பெரும்பாலும் ஒருமனதாக விரும்புகின்றனர் என்பதும் டூல் பல ஆண்டுகளாகச் செய்த சோதனைகளில் வெளிப்பட்டது. நம் வீட்டில் இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. மெல்லிய மல் வேட்டி ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டால் திரை ஆயிற்று.

மூன்றாம் விதி, நாம் வழக்கமாக அமரும் இடத்திலிருந்தே கேட்டல். தில்லியின் லாஜ்பத் ராய் மார்க்கெட்டிலோ, மும்பையின் லாமிங்டன் சாலையிலோ, பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ கடைவாயிலில் நின்று கேட்பது நம் கூடத்தில் கேட்பதற்கு ஈடாகாது. கூடுமானால் இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுத் தர இசையும் கடைக்காரரை நாட வேண்டும். மற்றொன்றையும் நினைவிற்கொள்ளல் நலம். மத்திய அலை ஒலிபரப்பில் ஏறத்தாழ 5,000 அதிர்வுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வருவதில்லை. பண்பலையில் 15,000 வரை வரும். வாராத ஒலியை எந்த ட்வீட்டரும் தர இயலாது. கைப்பேசிச் செயலி வழியே கேட்போர், கைப்பேசிக்குள் இருக்கும் சிறு டிரைவரை விட்டு, ஓரளவு நல்ல பெட்டி ஒன்றோடு இணைத்துக் கேட்டால் வேறுபாடு உடனே விளங்கும்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னர் நாங்கள் புதிய ஒலிபெருக்கி வாங்கப் புறப்பட்டோம். புறப்படும் முன், உள்ளதைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. மூலையிலிருந்த பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு முழத்திற்கு மேல் வெளியே இழுத்தோம். கட்டிலை நோக்கிச் சற்றுத் திருப்பினோம். அமர்ந்திருப்பவரின் செவி உயரத்திற்கு ட்வீட்டர் வரும்படி அடியில் மரப்பலகை வைத்தோம். வெறும் சிமெண்டுச் சுவரில் மோதி எதிரொலித்த ஒலியைக் குறைக்க, தரையில் ஜமுக்காளம் விரித்து, எதிர்ச் சுவரில் புத்தக அலமாரியை நகர்த்தி வைத்தோம். ஆம்ப்ளிஃபையரில் அடித்தொனியைக் குறைத்தோம். ஒரு காசும் செலவாகவில்லை. பின்னர் வேட்டியைத் தொங்கவிட்டு, எங்கள் மகள் படித்த சொல் வரிசையை ஒலிக்கவிட்டோம். அன்னையார் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைபோல் தாளில் எழுதினார். முன்னர் ஒளியும் ஒழியும் ஒன்றாகக் கேட்ட இடங்களில் பல இப்போது வேறாகக் கேட்டன. எல்லாம் அல்ல, பல. கரோல்பாகிலிருந்து இரவல் வாங்கிவந்த சிறு பெட்டிகளை அதே இடத்தில் வைத்தபோது இன்னும் சில தெளிந்தன.

தெளியாத சில எஞ்சின. அவற்றுக்காக அன்னையாரைச் செவி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் ஆற்றல் குறைந்திருப்பதாக அவர் அளந்து கூறினார். முதுமையில் இது இயல்பு. கேட்புக் கருவி ஒன்று அமைத்துத் தந்தார். ஆக, செவியிலும் தளர்ச்சி இருந்தது உண்மையே. ஆனால் அத்தளர்ச்சியின் மேல் எங்கள் ஒலிபெருக்கியின் குறையையும், அதனை நிறுத்திய இடத்தின் குறையையும் சேர்த்துச் சுமத்தி, அனைத்தையும் முதுமையின் கணக்கில் நாங்கள் எழுதிவிட்டிருந்தோம். பல மாதங்கள் அவர் வாய்திறவாமல் அமர்ந்திருந்தது அதனால்தான்.

இசையின் இனிமையைத் தீர்மானிக்க நல்ல செவியுடையோரே தகுந்த நடுவர். செவி குறைந்தோரின் தீர்ப்பு ஒரு நாள்போல் மறுநாள் இராது என்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். ஆனால் சொல் வந்து சேர்கிறதா என்பதைத் தீர்மானிக்க, வீட்டில் மிகவும் தளர்ந்த செவி எதுவோ அதனையே கேட்க வேண்டும். அச்செவிக்குச் சேர்ந்தால் மற்ற யாவருக்கும் சேரும். ஒலிபெருக்கி வாங்க எண்ணும் அன்பர்கள், வீட்டிலுள்ள முதியவரையும் உடன் அழைத்துச் செல்வார்களாக. அது இயலாவிடில், வாங்கிய பெட்டியை அவர் அமரும் இடத்தை நோக்கித் திருப்பியேனும் வைப்பார்களாக.

எங்கள் இல்லத்தில் இப்போது ஞாயிறு காலைச் சொற்பொழிவு மீண்டும் ஒலிக்கிறது. முன்னர் நாங்கள் கூட்டிக் கூட்டி வைத்த ஒலியை, "இவ்வளவு எதற்கப்பா? கொஞ்சம் குறைத்து வை" என்கிறார் அன்னையார்.